எல்லாம் அதுவே பார்த்துக்கொள்ளும்

அத்தாவின் கால் பெருவிரல்கள் இரண்டையும் சேர்த்து வெள்ளைத் துணிக் கீற்றால் கட்டிக்கொண்டிருந்தான் அதீப். முடிச்சு நிற்கவில்லை. அவிழ்த்து மறுபடி கட்டும்போது அம்மா பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். முந்தானை முடிச்சைப் பிரித்து, நான்காக மடித்திருந்த ஒரு சீட்டை எடுத்து அவன் முழங்கால்மேல் வைத்தாள்.

“என்னம்மா இது?”

“அத்தா குடுத்தாரு. வெள்ளிக்கிழமை. இப்ப வேணாம், அப்புறமா அவன்கிட்ட குடுன்னு கையைக் காட்டினாரு. அப்புறம்னா எப்பன்னு எனக்குப் புரிஞ்சுது. நான் ஒண்ணும் கேக்கல.”

காலண்டரில் கிழித்த தாள். பின்பக்கம் பென்சிலில் எழுதியிருந்தது. கீமோவுக்குப் பிறகு அத்தாவின் விரல் நுனிகள் மரத்துப் போய்விட்டன. பேனா பிடித்தால் வழுக்கிவிடும். எழுத்துகள் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து கிடந்தன. இரண்டே வரி. அதை எழுத அரைமணி நேரமாவது ஆகியிருக்கும்.

‘சபீஹா வந்தால் கம்ப்யூட்டரைக் காட்டு. எல்லாம் எழுதியிருக்கிறேன்.’

“காலையில அவளுக்கு போன் போட்டப்பவே சொல்லிட்டேன்” என்றாள் அம்மா. “அத்தா உனக்கு எழுதி வச்சிருக்காருடி, வந்து படின்னு. வர்றதா வேணாமான்னு இழுத்துக்கிட்டு இருந்தவ, இதைச் சொன்னதும் பஸ் ஏறிட்டா. திருச்சிலேருந்து மத்தியானம் ஒன்னரை மணிக்குள்ள வந்துடுவா. சாயங்காலம் அஸருக்குத்தானே எடுக்கறோம்? நேரம் இருக்கு.”

அதீப்பின் கையிலிருந்த துணிக்கீற்று நழுவியது. அம்மா அதை எடுத்து, தானே முடிச்சுப் போட்டாள். அவளுடைய முடிச்சு நின்றது.

அத்தா கிபாயத்துல்லா விடியற்காலை சுபுஹு பாங்குக்குப் பிறகு இறந்திருந்தார். வயது அறுபத்திரண்டு. குரோம்பேட்டையில் ஒரு தோல் கம்பெனியில் முப்பத்தோரு வருடம் ஷிப்ட் சூப்பர்வைசர். மரப் பீப்பாய்கள் கடகடவென்று உருளும் சத்தத்துக்கு மேலே கத்திக் கத்தியே பழகிய தொண்டை. கீழ்க்கட்டளை வீட்டில் அவர் உப்பு கேட்டால் ஏரிக்கரை வரைக்கும் கேட்கும் என்று பக்கத்து வீட்டுக்காரர்கள் கேலி செய்வார்கள். போன வருடம் ஆகஸ்டில் அந்தத் தொண்டையைத்தான் அறுத்து எடுத்தார்கள். கழுத்தில் ஒரு ஓட்டை மிச்சமானது. மூச்சு அதன் வழியாக வந்து போனது, பேச்சு வரவில்லை.

மகள் சபீஹாவிடம் அவர் கடைசியாகக் குரலெடுத்துப் பேசியது ஆறு வருடத்துக்கு முன்னால். பேங்க் பரீட்சைக்குப் படிக்கப் போன இடத்தில் பழக்கமான தாவீதை அவள் பதிவுத் திருமணம் செய்துகொண்டு வந்து வாசலில் நின்றபோது, “எனக்கு ஒரே புள்ளை, அவன் பேரு அதீப்” என்று சொல்லிக் கதவைச் சாத்தினார். தெருவே கேட்டது. ஆபரேஷன் முடிந்து ஆஸ்பத்திரியில் கிடந்தபோது அவள் வந்தாள். அத்தா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். கால்மணி நேரம் முதுகைப் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டுப் போனாள். கோபம்தான் இன்னும் தீரவில்லை என்று எல்லோரும் நினைத்தார்கள். சொல்வதற்கு வாயில்லாத மனுஷன் முகத்தையாவது எங்கே வைத்துக்கொள்வான் என்று அன்றைக்கு யாருக்கும் தோன்றவில்லை.

அதீப் எழுந்து உள்ளறைக்குப் போனான். கம்ப்யூட்டர் அங்கேதான் இருந்தது. தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு பட்டனை அழுத்தினான். பழைய மெஷின், முழித்து எழ மூன்று நிமிஷம் ஆகும். அந்த மூன்று நிமிஷமும் அவன் மானிட்டரைப் பார்க்கவில்லை. என்ன வரும் என்று இந்த உலகத்தில் அவனுக்கு மட்டும்தான் தெரியும். ஏனென்றால் செய்து வைத்தவன் அவன்.

ஸ்கிரீனில் முதலில் நோட்பேட் தானாகத் திறந்தது. வெற்றுப் பக்கம். அதன் பக்கத்தில் மூன்றே மூன்று படங்கள். ‘தாள்’, ‘மறுபடி’, ‘நிறுத்து’. கடைசிப் படத்துக்குச் சிவப்பு வட்டம்.

அதீப் மேடவாக்கத்தில் ஒரு சின்னக் கம்பெனியில் சர்வீஸ் இன்ஜினியர். இன்ஜினியர் என்று விசிட்டிங் கார்டில்தான். பழைய மகாபலிபுரம் சாலை ஆபீஸ்களில் மேஜைக்கடியில் புகுந்து ஒயர் மாட்டுகிற வேலை. அவனுடைய தொழிலில் மனிதர்கள் இரண்டே வகை: விஷயம் தெரிந்தவன் ஒருவன், யூசர் ஒருவன். ‘யூசர்’ என்று சொல்லும்போதே உதட்டில் ஒரு சிரிப்பு வந்துவிடும். கீபோர்டில் காபி ஊற்றியவன், பிளக்கே மாட்டாமல் கம்ப்ளெயின்ட் கொடுத்தவன், எல்லாரும் யூசர். ஜனவரியில் ஆபீஸில் கழித்துப் போட்ட ஒரு மெஷினை வீட்டுக்குக் கொண்டுவந்து, ஆங்கில எழுத்தில் தட்டினால் தமிழில் விழுகிற சாஃப்ட்வேரையும் போட்டு அத்தாவின் முன்னால் வைத்தான். அன்றிலிருந்து அத்தாவும் யூசர்.

முதல் வாரம் அவர் அ, ஆ, இ என்று தட்டினார். அடுத்த வாரம் பிஸ்மில்லா. எழுதுவது பிரச்னையில்லை, நிறுத்துவதுதான் பிரச்னை. நிறுத்தப் போனால் மெஷின் இங்கிலீஷில் ஒரு கேள்வி கேட்கும். எழுதியதை வைத்துக்கொள்ளவா, வேண்டாமா, இல்லை ஒன்றும் செய்யாமல் விட்டுவிடவா? அத்தாவுக்கு இங்கிலீஷ் எழுத்து தெரியும், இங்கிலீஷ் தெரியாது. தப்பாக எதையாவது தொட்டு மெஷின் கெட்டுப்போகுமோ என்று பயந்து, வீட்டு லேண்ட்லைனிலிருந்து அதீப்பின் செல்லுக்கு இரண்டு ரிங் விட்டு வைத்துவிடுவார். இரண்டு ரிங் என்றால் ‘கம்ப்யூட்டர் நிற்கவில்லை, வா’ என்று அர்த்தம். பெருங்குடியில் கஸ்டமர் தலைமேல் நிற்கும்போது இரண்டு ரிங் வரும். ஒருநாள் அதற்காகவே வண்டியை எடுத்துக்கொண்டு பள்ளிக்கரணை வெயிலில் வீடு வரைக்கும் வந்து, ஒரே ஒரு தட்டு தட்டிவிட்டுத் திரும்பிப் போனான். அத்தா அந்தப் பெட்டி கேட்ட கேள்வியின் முன்னால் ஒன்றரை மணி நேரமாகக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

அந்த ஞாயிற்றுக்கிழமைதான் அதைச் செய்தான். இரண்டு நிமிஷ வேலை. டெஸ்க்டாப்பில் மௌஸின் வலப்பக்கத்து பட்டனை அமுக்கி, புது ஷார்ட்கட் என்று எடுத்து, இடம் கேட்கிற கட்டத்தில் ஷட்டவுன் கட்டளையை அடித்தான். நிறுத்து என்பதற்கு ஒரு எழுத்து, எத்தனை வினாடியில் என்பதற்கு ஒரு எழுத்து, பக்கத்தில் பூஜ்யம். அடித்துவிட்டு ஒரு கணம் யோசித்தான். பிறகு நடுவில் இன்னொரு எழுத்தைச் சேர்த்தான். எஃப். எது திறந்திருந்தாலும், யார் என்ன எழுதிக்கொண்டிருந்தாலும், ஒரு கேள்வியும் கேட்காமல் மூடு என்று அதற்குப் பொருள். எந்தக் கஸ்டமரின் மெஷினிலும் அதீப் அந்த எழுத்தைச் சேர்த்ததில்லை. சேர்த்தால் வேலை போய்விடும். அத்தா சும்மா பொழுதுபோகத் தட்டுகிறார், இதில் வைத்துக்கொள்ள என்ன இருக்கிறது என்று நினைத்தான். படத்துக்குச் சிவப்பு வட்டம் தேர்ந்தெடுத்தான். இரண்டு தட்டு அத்தாவின் விரலுக்கு வராது என்று ஒரே தட்டாக மாற்றினான். அதையெல்லாம் மெனக்கெட்டுச் செய்தான்.

“ஒரு தட்டு போதும் அத்தா” என்றான். “எல்லாம் அதுவே பார்த்துக்கும்.”

அத்தா தட்டிப் பார்த்தார். கேள்வி வரவில்லை. மெஷின் சமர்த்தாக நின்றது. அவர் அதீப்பின் முதுகில் இரண்டு முறை தட்டிக்கொடுத்தார். அதற்குப் பிறகு இரண்டு ரிங் வரவேயில்லை. பிப்ரவரியிலிருந்து மே வரைக்கும் காலைத் தொழுகை முடித்துப் பகல் பதினோரு மணி வரை அந்த அறையில் தட்டும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. அதீப் நிம்மதியாக வேலைக்குப் போய்வந்தான்.

எழுதியது காணாமல் போகிறதே என்று அத்தாவுக்கு ஏன் ஒருநாள்கூட சந்தேகம் வரவில்லை? இப்போது அந்த வெற்றுப் பக்கத்தைப் பார்த்தபடி யோசித்தபோது அதீப்புக்கு விடை கிடைத்தது. சின்ன வயதில் கம்பெனிக்குச் சாப்பாடு கொண்டுபோகும்போது பார்த்திருக்கிறான். ஷிப்ட் முடிந்ததும் அத்தா ஒரு தாளில் ரிப்போர்ட் எழுதுவார். எத்தனை தோல் இறக்கியது, எந்தப் பீப்பாயில் பழுது, யார் லீவு. எழுதி, மேனேஜர் ரூம் வாசலில் இருந்த தகரப் பெட்டியின் வாயில் போட்டுவிடுவார். மறுநாள் மேஜையில் புதுத் தாள் இருக்கும். போட்ட தாளை முப்பத்தோரு வருடத்தில் ஒருதடவையும் அவர் திரும்பப் பார்த்ததில்லை. பார்க்க வேண்டியது இல்லை, அது போய்ச் சேர வேண்டிய இடத்துக்குப் போய்விட்டது. ஆகவே தினமும் காலையில் வெற்றுத்தாள் வந்து நின்றது அவருக்குச் சரியாகவே பட்டிருக்கும்.

அதீப் தேடினான். தெரிந்த எல்லா வழியிலும் தேடினான். அழிந்த ஃபைலை மீட்கிற சாஃப்ட்வேர் சி.டி. அவன் பையில் எப்போதும் இருக்கும், அதைப் போட்டான். மெஷினின் பழைய சொந்தக்காரன் அழித்த கொட்டேஷன்கள் வந்தன, யாரோ ஒரு பெண்ணின் பிறந்தநாள் படங்கள் வந்தன. அத்தாவின் ஒரு எழுத்து வரவில்லை. எழுதி அழித்ததை மீட்கலாம். டிஸ்கில் எழுதப்படவே இல்லாததை எங்கே போய் மீட்பது? தெரிந்திருந்தும் கிருபாவுக்குப் போன் போட்டான். கம்பெனியில் அவனுக்கு சீனியர்.

“மச்சான், நோட்பேட்ல அடிச்சுட்டு சேவ் பண்ணாம ஃபோர்ஸ்ல ஷட்டவுன் ஆயிடுச்சுன்னா, எடுக்க வழி இருக்கா?”

கிருபா சிரித்தான். “இன்னாடா காலங்காத்தால. யூசர் மாதிரி கேக்குற? கரண்ட் போனா மெமரில இன்னா கீது? ஒண்ணியும் கெடையாது. எவன்டா அந்த மேதாவி?”

“நான்தான்” என்று சொல்லிவிட்டு, அத்தா இறந்ததைச் சொல்லாமலே வைத்துவிட்டான். கிருபாவுக்கு மத்தியானம் யாரோ சொல்லி, அவன் ஓடி வந்து கையைப் பிடித்துக்கொண்டு கண்கலங்கினான். அது வேறு கொடுமையாக இருந்தது.

மசூதி ஒலிபெருக்கியில் அத்தாவின் பெயர் சொல்லப்பட்டது. சின்னத்தா அக்தர் வந்து கதவைத் தட்டினார். அத்தாவுக்கு ஒரே தம்பி. இந்த வீட்டில் நல்லது கெட்டது எல்லாவற்றையும் தலைமேல் போட்டுக்கொண்டு ஓடுகிறவர்.

“உள்ள இன்னாடா பண்ற? கபரு தோண்ட ஆள் போயாச்சு. கபன் துணி வந்துடுச்சு. பதினோரு மணிக்குக் குளிப்பாட்டணும். நீ கூட நிக்கணும்.”

“வரேன் சின்னத்தா. பத்து நிமிஷம்.”

அந்தப் பத்து நிமிஷத்தில்தான் அதீப்புக்கு அந்த எண்ணம் வந்தது. எழுதிவிட்டால் என்ன? அவனே எழுதிவிட்டால்? சபீஹாவுக்கு என்ன தெரியப்போகிறது? கம்ப்யூட்டர் எழுத்தில் கையெழுத்து கிடையாது. ஒரு பக்கம் போதும். அவள் படிப்பாள், அழுவாள், தீர்ந்துவிடும். யாருக்கும் நஷ்டமில்லை.

‘சபீஹாவுக்கு’ என்று தட்டினான். அத்தா அவளை அப்படிக் கூப்பிட்டதேயில்லை. ‘சபி’ என்பார், கோபம் வந்தால் ‘ஏ புள்ள’ என்பார். ‘சபி’ என்று மாற்றினான். அடுத்த வரி. ‘நான் உன்னை மன்னித்து’ என்பது வரை விரல் ஓடியது. அங்கே நின்றுவிட்டது. மன்னித்துவிட்டேன் என்று எழுதினாரா? இல்லை, என்னை மன்னித்துவிடு என்று எழுதினாரா? ஒருவேளை இரண்டுமே இல்லாமல், நீ செய்தது தப்புதான், மறுமையில் இதற்கு நீதான் பதில் சொல்லணும் என்று எழுதினாரா? பத்தடி தூரத்தில் மூன்று மாதத்துக்கு மேல் தட்டிக்கொண்டிருந்த மனுஷன் எந்தப் பக்கம் நின்றார் என்பது பெற்ற பிள்ளைக்குத் தெரியவில்லை. என்ன எழுதுறீங்க அத்தா என்று ஒருதரம் கேட்டிருந்தால் சீட்டில் எழுதிக் காட்டியிருப்பார். அவன் கேட்கவில்லை. அதீப்புக்கு அழுகை வரவில்லை. வெட்கமாக இருந்தது. எழுதியதையெல்லாம் அழித்துவிட்டுப் போய்க் கதவைத் திறந்தான்.

கொல்லைப்புறத்தில் நாலு பக்கமும் புடவை கட்டி மறைத்துப் பலகை போட்டிருந்தார்கள். மசூதியிலிருந்து குளிப்பாட்ட வந்த பெரியவர் கழுத்து ஓட்டையைப் பார்த்துவிட்டு ஒரு கணம் நிதானித்தார்.

“பஞ்சு வச்சாலும் நழுவுது. தண்ணி உள்ள போகாம யாராச்சும் கையால மூடிக்கணும்” என்றார்.

அதீப் மூடிக்கொண்டான். உள்ளங்கைக்குக் கீழே அந்த ஓட்டையின் விளிம்பு குளிர்ந்து, தடித்து இருந்தது. முதலில் வலப்பக்கம், பிறகு இடப்பக்கம் என்று பெரியவர் தண்ணீர் ஊற்றினார். ஒவ்வொரு தடவையும் “விட்டுடாதப்பா” என்றார். அதீப் விடவில்லை. ஏற்கெனவே குரல் போன இடத்தை அவன் இன்னொரு தரம் அடைத்துப் பிடித்திருந்தான். கற்பூரத் தண்ணீர் ஊற்றும்போது அத்தா என்று மெல்லச் சொன்னான். பெரியவர் ஓதுகிறான் என்று நினைத்துக்கொண்டார்.

சபீஹா வரும்போது மணி இரண்டு. ஆட்டோ தெருமுனையிலேயே நின்றது. தாவீது இறங்கிப் பையைக் கொடுத்துவிட்டு வீட்டுப் பக்கம் வராமல் எதிர்ச்சாரி டீக்கடை நிழலில் நின்றுகொண்டான். அவள் மட்டும் தலையில் முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு நடந்து வந்தாள். ஆறு வருடத்துக்குப் பிறகு அந்த வாசற்படியில் கால் வைத்தாள். பெண்கள் நகர்ந்து வழிவிட்டார்கள்.

கபன் சுற்றி முகம் மட்டும் திறந்திருந்தது. அவள் குனிந்து பார்த்தாள். இந்தத் தடவை அத்தா திரும்பிப் படுக்கவில்லை. ரொம்ப நேரம் பார்த்தாள். அழுதாளா என்று பின்னால் நின்ற அதீப்புக்குத் தெரியவில்லை. நிமிர்ந்ததும் அவனைத்தான் தேடினாள்.

“எங்கடா?”

எது என்று கேட்கத் தேவையில்லை. உள்ளறைக்குக் கூட்டிக்கொண்டு போய்க் கதவைச் சாத்தினான். அவள் அத்தாவின் நாற்காலியில் உட்கார்ந்து, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டாள். பஸ்ஸில் ஏழு மணி நேரமும் இதற்காகவே வந்தவள் என்று அந்தத் துடைப்பிலேயே தெரிந்தது.

“அக்கா, ஒண்ணும் இல்லக்கா இதுல.”

“அம்மா சொன்னாங்களே.”

“எழுதினாரு. ஆனா எதுவும் நிக்கல. அழிஞ்சிடுச்சு.”

“யாரு அழிச்சா?”

“நான்தான்.”

பிறகு சொன்னான். இரண்டு ரிங், இங்கிலீஷ் கேள்வி, சிவப்பு வட்டம், எஃப். எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொன்னான். சொல்லச் சொல்ல அது பொய் மாதிரியே இருந்தது அவனுக்கே. உண்மை இவ்வளவு சொதப்பலாக இருக்கும் என்று யார் நம்புவார்கள்? சபீஹா குறுக்கே பேசாமல் கேட்டாள். முடிந்ததும் கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்தாள்.

“படிச்சிட்ட” என்றாள்.

“என்னக்கா?”

“படிச்சிட்டு அழிச்சிருக்க. எனக்குத் தெரிய வேணாம்னு. இல்லன்னா இவ்ளோ பெரிய கதை எதுக்குடா? சொல்லிடு. என்னைத் திட்டியிருந்தாலும் பரவால்ல. சாபம் விட்டிருந்தாலும் பரவால்ல. அவரு வாயால ஒரு வார்த்தை எனக்கு வேணும். நல்லதா இருக்கணும்னு அவசியமில்ல.”

“அல்லாஹ் மேல சத்தியமா நான் படிக்கலக்கா.”

“கம்ப்யூட்டர் ரிப்பேர் பண்ற ஆளு நீ. உன் வீட்டுலயே, உன் அத்தா எழுதறதே போயிட்டிருக்கு, உனக்குத் தெரியாதா? ஊர்ல யாராவது நம்புவாங்களா?”

ஊரில் யாரும் நம்ப மாட்டார்கள்தான்.

வெளியே யாசீன் ஓதும் சத்தம் கேட்டது. சபீஹா மானிட்டர் பக்கம் திரும்பினாள்.

“நீ சொல்றது நெசம்னா எனக்குச் செஞ்சு காட்டு. இல்ல, நீ செய்யாத. நானே செய்யறேன். அவரு எப்படிச் செஞ்சாரோ அப்படி. நீ அந்தப் பக்கம் திரும்பி நில்லு.”

அதீப் பீரோவைப் பார்த்துத் திரும்பி நின்றான். முதுகுக்குப் பின்னால் தட்டும் சத்தம் தொடங்கியது. முதலில் தயங்கித் தயங்கி, பிறகு வேகமாக, நடுவில் நெடுநேரம் ஒன்றுமில்லாமல், மறுபடி. பத்து நிமிஷம் இருக்கும். மூக்கை உறிஞ்சினாள். அவனுக்குத் திரும்பிப் பார்க்க வேண்டும்போல இருந்தது. பார்க்கவில்லை.

“இதை ஒரு தட்டா?”

“ஆமாக்கா. ஒரே தட்டு.”

சொடுக்கும் சத்தம் உடனே வரவில்லை. விரலை வைத்துக்கொண்டு யோசிக்கிறாள் என்று அதீப் நினைத்தான். எழுதியது போய்விடக் கூடாதே என்று அவளுக்கே இப்போது பயம் வந்திருக்கும். பிறகு மௌஸ் ஒரு தடவை சொடுக்கியது. மெஷினின் காற்றாடி இரைச்சல் குறைந்து, நின்றது. அறை திடீரென்று அமைதியாகிவிட்டது.

“ஆன் பண்ணு.”

அழுத்தினான். மூன்று நிமிஷம் காத்திருந்தார்கள். மெஷின் எழுந்ததற்கான அந்த இசைத்துண்டு ஸ்பீக்கரில் சத்தமாக வந்தது. கூடத்தில் ஓதிக்கொண்டிருந்தவர்கள் ஒரு கணம் நிறுத்திவிட்டுத் தொடர்ந்தார்கள். நோட்பேட் தானாக விரிந்தது. வெள்ளையாக இருந்தது. மேல் மூலையில் கர்சர் மட்டும் துடித்துக்கொண்டிருந்தது.

சபீஹா அதையே பார்த்தாள். ஸ்கிரீனின் ஓரத்தைப் பிடித்துக் கொஞ்சம் தன் பக்கம் திருப்பினாள், அப்படித் திருப்பினால் எங்காவது தெரியும் என்பதுபோல.

“தினமும் இப்படியா?”

“ஆமா.”

“எத்தனை நாளு?”

“பிப்ரவரிலேருந்து. கீழ விழுந்து படுத்த அன்னிக்கு வரைக்கும்.”

“ஒருநாள்கூட விடாமயா?”

“வெள்ளிக்கிழமை மட்டும் சீக்கிரம் முடிச்சிடுவாரு. ஜும்மாவுக்கு.”

அவள் தலையாட்டினாள். நம்பிவிட்டாள் என்று முகத்தில் தெரிந்தது. நம்பாமல் இருந்தபோது அவளுக்கு ஏதோ ஒன்று பாக்கி இருந்தது; யாரோ மறைத்து வைத்திருக்கிற ஒன்று, என்றைக்காவது பிடுங்கிவிடலாம் என்கிற ஒன்று. இப்போது அதுவும் இல்லை. அதீப் அவள் காலடியில் உட்கார்ந்தான்.

“அக்கா, என்னை ரெண்டு அடி அடிச்சிடுக்கா.”

“உன்னை அடிச்சு என்னடா பண்றது” என்றாள். குரலில் கோபம்கூட இல்லை. “எந்திரி. வெளிய கூப்பிடறாங்க.”

அக்தர் சின்னத்தாவின் குரல்தான். மையித்தைத் தூக்கிப் போகும் சந்தூக்கு வாசலுக்கு வந்துவிட்டது. முகத்தை மூடப்போகிறார்கள், பார்க்கிறவர்கள் பார்த்துக்கொள்ளலாம் என்று சொன்னார்கள். அம்மா பார்த்தாள். அக்தர் பார்த்தார். சபீஹா வரவில்லை. கூப்பிடப் போன அதீப் கதவிடுக்கில் பார்த்தபோது அவள் கண்ணாடியைத் திரும்பப் போட்டுக்கொண்டு தட்டிக்கொண்டிருந்தாள். கூப்பிடாமல் வந்துவிட்டான்.

தெருவில் ஆண்கள் கூடியிருந்தார்கள். தொப்பி போட்டவர்கள் முன்னால், காலனி ஆட்கள் பின்னால், தோல் கம்பெனியிலிருந்து வந்த பழைய ஆட்கள் ஓரமாக. டீக்கடை நிழலில் இருந்த தாவீது நாலடி முன்னே வந்து நின்றான், அதற்கு மேல் வரவில்லை. சந்தூக்கைத் தரையில் வைத்தார்கள். அக்தர் அதீப்பின் தோளைத் தொட்டார்.

“சொல்லுடா. வாரிசு நீதான் சொல்லணும்.”

இறந்தவருக்காக வாரிசு கேட்க வேண்டிய மன்னிப்பு. எத்தனையோ ஜனாஸாக்களில் யார் யாரோ சொல்லிக் கேட்டிருக்கிறான். மனப்பாடமான வார்த்தைகள்தான். தொண்டையைச் செருமிக்கொண்டான்.

“எங்க அத்தா கிபாயத்துல்லா, உயிரோட இருக்கும்போது யாரையாவது ஒரு சொல் சொல்லி நோகடிச்சிருந்தா, அவருக்குப் பதிலா நான் கேட்டுக்கறேன். அவரை மன்னிச்சிடுங்க.”

“பின்னாடி கேக்கல” என்றார் யாரோ. “சத்தமா சொல்லுப்பா.”

அதீப் கூட்டத்தைப் பார்க்காமல் வீட்டின் பக்கம் திரும்பினான். உள்ளறை ஜன்னலில் திரை போட்டிருந்தது. அதைப் பார்த்து, அத்தா கம்பெனியில் பீப்பாய்ச் சத்தத்துக்கு மேலே கத்துவாரே, அப்படிக் கத்திச் சொன்னான்.

“எங்க அத்தா யாரையாவது நோகடிச்சிருந்தா, மன்னிச்சிடுங்க.”

“மன்னிச்சிட்டோம்” என்றார்கள் தெருவில் இருந்தவர்கள்.

அவன் இன்னும் ஜன்னலையே பார்த்துக்கொண்டு நின்றான். திரை அசையவில்லை. சின்னத்தா “தூக்குங்க” என்றார். நாலு பேர் குனிந்தார்கள். அப்போது ஜன்னலுக்குப் பின்னாலிருந்து, கம்ப்யூட்டர் மறுபடி எழுந்துகொள்ளும் அந்த இசைத்துண்டு கேட்டது. ஒன்றிரண்டு பேர் முகத்தைச் சுளித்துக்கொண்டு திரும்பிப் பார்த்தார்கள். அவளும் எழுதி முடித்து அந்தச் சிவப்பு வட்டத்தைத் தட்டிவிட்டாள் என்று அதீப்புக்கு மட்டும் புரிந்தது. அவன் முன்பக்க வலது கட்டையின் கீழே தோளைக் கொடுத்தான்.